ஒரு புல்லாங்குழல், நாற்பது வருடம்: 'தி இன்னர் லைட்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கைப்பேசி, கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கடை அடைத்ததும் பின்னறைச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, பழைய ப்ரொஜெக்டரில் ஏதாவது படம் போடுவது வழக்கம். டியூஷன் முடித்து வரும் பிள்ளைகள், பக்கத்து மளிகைக் கடைக்காரர், கூட்டாளிகள், சில சமயம் அம்மா என்று பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது ஸ்டார் ட்ரெக் தொடரின் 'தி இன்னர் லைட்' எபிசோடைப் போட்டுவிடுவேன். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள். நேரில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது கேள்வியில் முழுக்கதையும் இருக்கிறது. பார்த்த பிறகு படிப்பவர்களுக்குத்தான் இது.

"அண்ணே, இது ஸ்டார் வார்ஸ்தானே? அந்த லைட்டு வாள் எங்கே?"

இல்லை தம்பி, இது வேறு. ஸ்டார் வார்ஸில் ராஜ்ஜியம், போர், மாயசக்தி. ஸ்டார் ட்ரெக்கில் ஒரு ஆராய்ச்சிக் கப்பல் ஊர் ஊராகப் போகிற மாதிரி கிரகம் கிரகமாகப் போகும். வாள் வராது. இந்த எபிசோடில் துப்பாக்கியைக்கூட யாரும் எடுப்பதில்லை. அதைச் சொன்னதும் இரண்டு பையன்கள் எழுந்து போனார்கள். போகட்டும்.

"எத்தனாவது எபிசோடு? முன்னாடி உள்ளதெல்லாம் பாத்திருக்கணுமா?"

'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987 முதல் 1994 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏழு சீசன், 178 எபிசோடு ஓடியது. இது ஐந்தாவது சீசனின் 25-வது எபிசோடு, 1992 ஜூன் மாதம் முதலில் ஒளிபரப்பானது. கதை மார்கன் ஜென்டல். திரைக்கதையை அவரும் பீட்டர் ஆலன் ஃபீல்ட்ஸும் சேர்ந்து எழுதினார்கள். இயக்கம் பீட்டர் லாரிட்சன்.

முன்கதை எதுவும் வேண்டாம். மூன்று விஷயம் தெரிந்தால் போதும். கப்பலின் பெயர் என்டர்பிரைஸ். கேப்டன் பிக்கார்ட், வழுக்கைத் தலை, கறாரான ஆள், கல்யாணம் ஆகாதவர், பிள்ளைகளைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவர். அந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

"கதை என்னான்னு சுருக்கமா சொல்லிடுங்களேன், எனக்கு நடுவுல வேலை வந்துருச்சு."

கப்பலுக்கு எதிரே ஆளில்லாத சின்னக் கருவி ஒன்று மிதந்து வருகிறது. அதிலிருந்து ஒரு கற்றை பாய்ந்ததும் பிக்கார்ட் மயங்கி விழுகிறார். கண் விழித்தால் ஒரு வீட்டுக் கட்டிலில் கிடக்கிறார். எலீன் என்ற பெண் பக்கத்தில் இருந்து, "உங்களுக்குக் காய்ச்சல்" என்கிற தோரணையில் பேசுகிறாள். அவள் இவருடைய மனைவியாம். இவர் பெயர் கமினாம், இரும்பு பின்னுகிற தொழிலாளியாம். ஊர் ரெசிக், கிரகம் கட்டான். ஊரில் மழை இல்லை. நண்பன் பத்தாய் ஊர் நடுவில் ஒரு செடியை நட்டு, குடிக்கிற தண்ணீரிலேயே கொஞ்சம் அதற்கு ஊற்றி வளர்க்கிறான்.

முதலில் பிக்கார்ட் நம்புவதில்லை. தன் கப்பல் எங்கே என்று இரவெல்லாம் நட்சத்திரங்களைப் பார்த்து வரைபடம் போடுகிறார். ஐந்து வருடம் அப்படியே போகிறது. அப்புறம் மனம் இறங்கி எலீனோடு குடும்பம் நடத்துகிறார். மகள் மெரிபோர் பிறக்கிறாள், மகன் பிறக்கிறான். நண்பன் இறந்துவிட்டதால் மகனுக்கு அவன் பெயரையே வைக்கிறார்கள். இவர் புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறார், கிழவராகிறார். மண்ணைச் சோதித்துப் பார்த்து, இந்த வறட்சி தீராது, கிரகமே சாகப்போகிறது என்று கண்டுபிடிக்கிறார். எலீன் இறந்துபோகிறாள்.

கடைசியில் ஊரே திரண்டு ஒரு ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கப் போகிறது. பேரனோடு போகும் கிழவருக்கு அப்போதுதான் விளங்குகிறது: அந்த ராக்கெட்டில் இருப்பது தன்னைத் தாக்கிய அதே கருவி. செத்துப்போனவர்கள் இளமையோடு அவர் முன்னால் வந்து நிற்கிறார்கள். தங்களைப் பற்றி யாருக்காவது சொல்லச் சொல்கிறார்கள். பிக்கார்ட் கப்பலில் கண் விழிக்கிறார். கடந்தது 25 நிமிடம். கட்டானின் சூரியன் ஆயிரம் வருடத்துக்கு முன்பே வெடித்துவிட்டது. கருவிக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதில் அந்தப் புல்லாங்குழல். அவர் தனியாக அறையில் நின்று அதை வாசிக்கிறார். அவ்வளவுதான்.

"இங்கிலீஷ் எனக்கு அரைகுறை. அம்மாவைக் கூட்டிட்டு வந்தா புரியுமா?"

என் அம்மாவுக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கப்பல் காட்சிகளில் தூங்கிவிட்டார். ரெசிக் ஊர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் செடியைக் காட்டியபோது, "குடிக்கவே தண்ணி இல்லேங்கிறாங்க, அந்த மரத்துக்கு யாருடா ஊத்துறது?" என்று கேட்டார். படம் எழுதியவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

எலீன் தன் புருஷனைக் காலணியைக் கழற்றிய இடத்தில் போட்டு வைக்காதே என்று திட்டிக்கொண்டே இருப்பாள். சாகும் நேரத்திலும் அதையேதான் சொல்வாள். அந்த இடத்தில் வசனத்தை நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஆகவே தாராளமாகக் கூட்டி வாருங்கள். கப்பல் காட்சிகளில் மட்டும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "இவருக்கு அங்கே மயக்கம் தெளியலை" என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

"சண்டையும் இல்ல, வில்லனும் இல்ல. இதுக்கு எப்படிப் பரிசு கொடுத்தாங்க?"

அறிவியல் புனைகதை உலகத்தில் ஹியூகோ விருதுதான் பெரிய பரிசு. 1993-ல் சிறந்த நாடக வடிவத்துக்கான ஹியூகோ இதற்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் பெரும்பாலும் திரைப்படங்கள்தான் தட்டிக்கொண்டு போகும். தொலைக்காட்சி எபிசோடு ஒன்று வென்றது அதற்கு முன் 1968-ல், அதுவும் பழைய ஸ்டார் ட்ரெக்கின் ஒரு எபிசோடுதான். கால் நூற்றாண்டு இடைவெளி.

எதற்குக் கொடுத்தார்கள் என்றால், என் கணிப்பு இது. ஒரு இனமே அழிந்துபோனதைக் காட்ட வேண்டுமானால் சாதாரணமாக என்ன செய்வார்கள்? இடிந்த கோபுரம், எலும்புக் குவியல், அழுகிற கூட்டம். இதில் அப்படி ஒன்றுமே இல்லை. ஒரு வீடு, ஒரு கட்டில், ஒரு மேசை, சூப்பு, காலணி, செடி. கட்டான்காரர்கள் தங்கள் ராஜா யார், எத்தனை போரில் ஜெயித்தோம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிட்டு வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்புகிறார்கள். இதைவிட நல்ல எபிசோடு இந்தத் தொடரில் இல்லை என்று அடித்துச் சொல்வேன். மறுப்பவர்களுக்கு கோப்பி நான் வாங்கித் தருகிறேன், உட்கார்ந்து பேசலாம்.

"இருபத்தஞ்சு நிமிஷத்துல நாப்பது வருஷமா? கணக்கு ஒதைக்குதே."

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நாற்பது வருடம் என்பது 14,600 நாள் சொச்சம். 25 நிமிடம் 1,500 விநாடி. வகுத்தால் விநாடிக்கு ஒன்பதே முக்கால் நாள் கிட்டத்தட்ட. நீங்கள் இரண்டு நிமிடம் பல் துலக்கி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று வருடம் ஓடியிருக்கும்.

மூளை அந்த வேகத்தில் வேலை செய்யாது. அது கதைக்காக விட்டுக்கொடுக்க வேண்டிய இடம். நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: அந்தக் கருவி ஒவ்வொரு நாளையும் வாழ வைக்கவில்லை, வாழ்ந்த ஞாபகத்தை வைத்தது. நம் ஞாபகமும் அப்படித்தானே. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். இப்போது யோசித்தால் மழை நாளில் ஒழுகிய வகுப்பறையும், ஆசிரியர் ஒருவரின் ரோத்தான் பிரம்பும், இன்னும் பத்து விஷயமும்தான் கையில் நிற்கின்றன. ஆனால் ஆறு வருடம் போனது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"தலைப்புக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? லைட்டு எங்கேயும் வரலியே."

தலைப்பு ஒரு பாட்டிலிருந்து வந்தது. ஜார்ஜ் ஹாரிசன் எழுதி, பீட்டில்ஸ் குழு 1968-ல் 'லேடி மடோனா' இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்ட பாட்டு. சீன ஞானி லாவோ சூவின் 'தாவோ தே ஜிங்' நூலில் 47-வது அத்தியாயத்தைத் தழுவியது. வாசலைத் தாண்டாமலே உலகத்தை அறியலாம் என்பது அதன் கருத்து. கப்பலை விட்டு அசையாத பிக்கார்டுக்கு ஒரு உலகமே கிடைக்கிறது, அதுதான் பொருத்தம்.

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு வேறு. அந்தப் பாட்டின் வாத்திய இசையை ஹாரிசன் லண்டனில் பதிவு செய்யவில்லை. பம்பாயில், இந்தியக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். அதில் பன்சூரி, அதாவது மூங்கில் புல்லாங்குழல் ஒலிக்கிறது. சீன ஞானி, ஆங்கிலப் பாடகர், பம்பாய்ப் புல்லாங்குழல், அமெரிக்கத் தொலைக்காட்சி, கடைசியில் சுங்கை சிப்புட்டில் ஒரு வேட்டித் திரை.

"அந்தப் புல்லாங்குழல் நெசமாவே வாசிக்கக் கூடியதா?"

படத்தில் வருவது நம் கோயிலில் வாசிக்கிற மாதிரி பக்கவாட்டில் பிடிக்கும் குழல் இல்லை. நாயனம் மாதிரி நேராகப் பிடித்து ஊதுவது, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம், நுனியில் ஒரு குஞ்சம் தொங்கும். படப்பிடிப்பில் இருந்தது பார்வைக்கு மட்டும். சத்தம் தனியாகப் பதிவு செய்தது. இசை ஜே சட்டவே. மகனுக்குப் பெயர் வைக்கும் நாளில் ஒரு முறையும், கடைசிக் காட்சியில் ஒரு முறையும் கேட்டுப் பாருங்கள்.

ஊதினால் சத்தம் வராத அந்தக் குழல் 2006-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 40,000 அமெரிக்க டாலருக்குக் குறையாமல் போனது. ஏலம் விட்டவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு.

"சூரியன் வெடிக்கப் போறதுக்கும் ஊர்ல தண்ணி வத்துறதுக்கும் என்ன சம்பந்தம்?"

எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வுக்கு இயற்பியல் எடுக்கும் பெண் கேட்ட கேள்வி. நல்ல கேள்வி, பதில் கதைக்குச் சாதகமாக இல்லை. படத்தில் கட்டானின் சூரியன் 'நோவா' ஆனதாகச் சொல்கிறார்கள். உண்மையில் நோவா என்பது இரட்டை நட்சத்திரங்களில் நடப்பது. செத்துச் சுருங்கிய வெண்குறு விண்மீன் ஒன்று, பக்கத்து நட்சத்திரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சி மேலே சேர்த்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்த மேல்தோல் வெடிக்கும். நம்முடையதைப் போன்ற ஒற்றைச் சூரியன் அப்படி வெடிக்காது.

சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாவது உண்மைதான். ஆனால் நூறு கோடி வருடத்துக்குச் சுமார் பத்து சதவீதம் என்ற கணக்கில். ஒரு மனித ஆயுளுக்குள் குளம் வற்றுகிற வேகம் அதில் இல்லை. கதை அந்தக் காலத்தை ஒரு தலைமுறைக்குள் அடக்கிவிட்டது. அறிவியலாகப் பார்த்தால் தவறு.

பிக்கார்ட் காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கும் கருவி செய்யலாம் என்று ஒரு யோசனை சொல்வார், அது மட்டும் சரி. கடைக்குப் பின்னால் ஏர்கோன் குழாயில் சொட்டுச் சொட்டாக வாளியில் விழுகிறதே, அதே வித்தைதான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வாளி நிறைகிறது. ரெசிக் காற்றில் ஈரம் இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

"ராக்கெட்டு விடத் தெரிஞ்சவங்க ஏன் நாலு பேரையாவது ஏத்தி அனுப்பல?"

இதற்குப் படத்திலேயே பதில் இருக்கிறது, கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பிக்கார்டே அரசாங்க அதிகாரியிடம் இதைக் கேட்கிறார். இப்போதுதான் சின்னச் சின்ன ஏவுகணை விடக் கற்றிருக்கிறோம், ஆட்களை ஏற்றி அனுப்பும் அளவுக்கு நாங்கள் வளரவில்லை என்கிற மாதிரி அவர் சொல்கிறார்.

அடுத்து வரும் கேள்விதான் கஷ்டம்: ஆள் அனுப்பத் தெரியாதவர்களுக்கு, வேற்று இனத்தவர் மண்டைக்குள் ஒரு ஆயுளை இறக்கும் கருவி மட்டும் எப்படிச் செய்யத் தெரிந்தது? இதற்கு என்னிடம் பதில் இல்லை. நட்டு, போல்ட்டில் பின்தங்கி, மனதைப் பற்றிய அறிவில் முந்திப்போன மக்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஓட்டை ஓட்டைதான்.

"கவர்மெண்டுக்கு எல்லாம் தெரியும்கிறாங்க. அப்புறம் ஏன் சனங்ககிட்ட சொல்லல?"

பீதி கிளம்பும் என்று மறைத்தார்களாம். கிழவர் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டு போய் நிற்கும்போதுதான் அந்த அதிகாரி ஒத்துக்கொள்கிறார்.

இந்தக் காட்சியில் எங்கள் பின்னறையில் ஒரு சலசலப்பு வரும், குறிப்பாகப் பெரியவர்களிடம். எங்கள் தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்பது எங்களுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. பெயர் வேண்டாம். முதலில் ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். அப்புறம் அளவைக்காரர்கள் வந்து சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். கேட்டால் கிராணி (தோட்டக் கணக்கர்), "ரோடு போடப் போறாங்க" என்றார். அவருக்கே தெரியாதோ என்னவோ. நோட்டீஸ் வந்தபோது குச்சிகளில் கட்டிய துணி வெளுத்துப்போயிருந்தது.

"எதைப் பாத்தாலும் தோட்டத்தோட முடிச்சுப் போடுறீங்களே, கொஞ்சம் ஓவரா இல்ல?"

கூட்டாளி ஒருவன் ஒவ்வொரு வருடமும் கேட்பது. நியாயமான கேள்விதான். கட்டானில் எல்லோரும் செத்துப்போனார்கள். நாங்கள் சாகவில்லை, தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தோம், தண்ணீரும் கரண்டும் ஒழுங்காக வருகிறது. இரண்டும் ஒன்று என்று சொன்னால் அது அபத்தம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. கட்டான்காரர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நம்மவர்கள் செய்து பார்த்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். கெடாவில் புக்கிட் சீடிம் முதல் தோட்டம். எல்லாத் தோட்டத்தையும் அப்படி வாங்க முடியவில்லை, எங்களுடையதும் அதில் ஒன்று.

நான் முடிச்சுப் போடுவது அழிவை வைத்து இல்லை. பிக்கார்ட் கண் விழித்ததும் எல்லோரும் அவரிடம், "இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஆச்சு" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை. அவருக்கு ஒரு மனைவி, இரண்டு பிள்ளை, ஒரு பேரன், ஒரு ஊர். அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று அந்த முகம் தடுமாறும் பாருங்கள். பிக்கார்டாக வரும் பேட்ரிக் ஸ்டூவர்ட் அங்கே வசனமே இல்லாமல் நடிக்கிறார். தாமானில் பிறந்த என் பிள்ளைகளுக்கு எங்கள் தோட்டம் என்பது நெடுஞ்சாலையில் காரில் போகும்போது நான் கை நீட்டிக் காட்டும் ஒரு வளைவு. இரண்டு விநாடி. "அங்கதான் லயம் இருந்துச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் டோல் வந்துவிடும். அந்த இரண்டு விநாடிக்குள் எனக்குப் பதினேழு வருடம் இருக்கிறது.

கடை மேசையில் ஒரு பீங்கான் மங்கு இருக்கிறது, பால் பிடிக்கிற கிண்ணம். லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்த அன்று அம்மா எடுத்து வந்தது. உள்ளே காய்ந்த பால் ஒரு ஓரத்தில் கறுப்பாக ஒட்டியிருக்கிறது, நகத்தால் சுரண்டினால் ரப்பர்போல் இழுபடும். நான் அதில் கைப்பேசித் திருகாணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களில் சிலர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவார்கள். அவர்கள் தோட்டத்து ஆள் என்று தெரிந்துவிடும்.

"எலீன்னு ஒருத்தி உண்மையிலேயே இருந்தாளா, இல்ல கம்ப்யூட்டர் பொம்மையா?"

படம் சொல்லவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன் அப்படி ஒருத்தி ரெசிக்கில் வாழ்ந்து, அவளுடைய நினைவுகள்தான் கருவிக்குள் போயிருக்கலாம். அவள் கழுத்தில் தொங்கும் பதக்கம் அந்தக் கருவியின் வடிவத்திலேயே இருக்கும். அதைப் பிக்கார்ட் ஆரம்பத்திலேயே கவனித்துச் சந்தேகப்படுவார். பல பெண்களைச் சேர்த்து உருவாக்கியவளாகவும் இருக்கலாம். நான் முதல் கட்சி. காலணியைப் பற்றி அவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறவளைக் குழு போட்டு உருவாக்க முடியாது.

உண்மையான சொந்தம் ஒன்று இதில் உண்டு. வளர்ந்த மகன் பத்தாயாக வருவது பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன் டேனியல். இதைச் சொல்லிவிட்டு மறுபடி போட்டால் எல்லோரும் மூக்கைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

"கேக்காமலேயே ஒருத்தர் மண்டைக்குள்ள ஒரு ஆயுசையே ஏத்துறது தப்பில்லையா அங்கிள்?"

தப்புதான். கேட்டது மூன்றாம் படிவம் படிக்கும் பெண், கேட்டதும் அறையே அமைதியாகிவிட்டது. கப்பலில் நடுவே அந்தக் கற்றையைத் துண்டிக்கப் பார்ப்பார்கள், உடனே பிக்கார்டின் உயிருக்கே ஆபத்து வந்து, மறுபடி இணைக்க வேண்டியதாகிவிடும். அதாவது வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. ஐந்து வருடம் ஒரு மனுஷன் வீடு திரும்ப முடியாமல் தவிக்கிறான். கடத்திக்கொண்டு போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கட்டான்காரர்கள் பக்கம் பேச எனக்கு ஒன்றுதான் உண்டு. அவர்களுக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியாது. கேட்கிற ஆள் பிறப்பதற்கே நூற்றுக்கணக்கான வருடம் இருந்தது. சாகக் கிடக்கிறவன் பக்கத்தில் நிற்கிறவனின் கையைப் பிடித்துக்கொள்வதற்கு முன் அனுமதி கேட்பதில்லை. இது சமாதானமா என்றால் பாதிதான். அந்தப் பெண்ணுக்கு இந்தப் பதில் திருப்தியாகவில்லை. "அப்போ பிக்கார்டுதான் மன்னிக்கணும், நீங்க மன்னிக்கக் கூடாது" என்றாள்.

"அடுத்த எபிசோடுல ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து நிக்கிறாரே, அது எப்படி?"

எனக்கும் இதில் கோபம் உண்டு. அந்தக் காலத்துத் தொடர்கள் அப்படித்தான் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு வாரமும் கதை முடிந்துவிட வேண்டும், எந்த வாரம் டிவியைப் போட்டாலும் புரிய வேண்டும். மனைவியைப் பறிகொடுத்தவன் அடுத்த வாரமே புதுக் கிரகத்துக்குக் கிளம்பிவிடுவான்.

முழுசாக மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1993-ல், ஆறாவது சீசனில், 'லெஸன்ஸ்' என்ற எபிசோடில் பிக்கார்டுக்குப் பியானோ வாசிக்கும் பெண் அதிகாரி ஒருத்தியிடம் ஈடுபாடு வரும். அந்தக் குழலை எடுத்து அவளோடு சேர்ந்து வாசிப்பார், கட்டானைப் பற்றிச் சொல்வார். எலீன் கேட்டுக்கொண்ட மாதிரி அவர் வாய் திறந்து சொல்வதை அங்கேதான் பார்க்கிறோம். இதைப் போட்ட மறுவாரம் அதைப் போடுங்கள்.

"அப்ப இதுல குறையே இல்லங்கிறீங்களா?"

மேலே மூன்று சொல்லிவிட்டேன்: நோவா, ராக்கெட், அடுத்த வாரத்து மறதி. கிழவன் ஒப்பனை சில கோணங்களில் மெழுகு மாதிரி தெரிகிறது, அதை விடுங்கள்.

பெரிய குறை வேறு. ரெசிக் ரொம்பச் சுத்தமான ஊர். நாற்பது வருடத்தில் ஒரு குடிகாரன் இல்லை, ஒரு வேலிச் சண்டை இல்லை, தண்ணீர்ப் பங்கீட்டில் யாரும் ஒரு குவளை கூடுதலாக எடுக்கவில்லை. வறட்சி வந்த ஊரில் இது நடக்குமா? எங்கள் லயத்தில் ஒரே குழாய், காலையில் வாளி வரிசையில் கெட்ட வார்த்தை பறக்கும். கட்டான்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லி அனுப்பியதால் நல்லதை மட்டும் பொறுக்கிவிட்டார்கள் என்று சொல்லலாம். அப்படியானால் பிக்கார்ட் பார்த்தது ஊரையா, ஊரின் கல்யாண ஆல்பத்தையா?

"நம்ம தோட்டத்துக்கு அப்படி ஒரு மெஷின் செஞ்சா உள்ள என்ன வைப்பீங்க?"

போன வருடம் இதைக் கேட்டபோது ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மளிகைக் கடைக்காரர், விடியுமுன் இருட்டில் வேலைக்கு ஆள் கூட்ட அடிக்கும் பெரட்டு மணி என்றார். நான், பால் ஸ்டோரில் மூக்கில் ஏறும் அமோனியா நெடியும், வெயில் ஏறியதும் ரப்பர் கொட்டை படீர் படீரென்று வெடிக்கும் சத்தமும் என்றேன். கூட்டாளி, ஆயக்கொட்டகையில் எல்லாப் பிள்ளையையும் தூங்கவைத்த ஆயாவின் மடி என்றான். இன்னொருவர் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு முதல் நாள் ராத்திரி.

அம்மா அதுவரை ஒன்றும் பேசவில்லை. புறப்படும்போது சிலிப்பரை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அட்டைக் கடியையும் வையி. கொசுவையும் வையி. சம்பளத்துல புடிச்சத எழுதின சீட்டையும் வையி. இல்லாட்டி வர்றவன் என்னமோ சொர்க்கத்துல இருந்தோம்னு நெனச்சுக்குவான்."